ஃப்ளை ஃபிஷிங்கில் எடை எங்கே இருக்கிறது?

மலை ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ராடு, அதாவது பூச்சி போன்ற போலி இரையை வீசும் தூண்டில் கோல், வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். ராடின் பிடிக்கு மேலே 5 வெயிட் என்று எழுதியிருப்பார்கள். அதை ஐந்து கிலோ என்று சிலர் படிக்கிறார்கள், ஐந்து பவுண்டு என்று சிலர். அடுத்த அலமாரியில் 3 எக்ஸ், 5 எக்ஸ் என்று நரம்புச் சுருள்கள் இருக்கும். எண் கூடினால் வலுவும் கூடும் என்று 5 எக்ஸை எடுத்துக்கொள்வார்கள். ஃப்ளை டப்பாவில் 18 என்று கண்டால் 12-ஐவிடப் பெரிய தூண்டில் என்று நினைப்பார்கள். மூன்றும் தவறு. இணையத்தில் இவற்றைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களும் இந்தக் குழப்பத்தின் மேலேதான் ஓடுகின்றன.

ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் இந்த எண்கள் தானாக வரிசைக்கு வந்துவிடும்: இந்த மீன்பிடிப்பில் எடை தூண்டிலில் இல்லை, லைனில் இருக்கிறது.

ஈயமும் இல்லை, தக்கையும் இல்லை

நம் ஊர்த் தூண்டிலில் எடை நுனியில் இருக்கும். ஈயக் குண்டையோ இரை கோத்த முள்ளையோ வீசுகிறோம். தங்கூஸ் நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. நரம்பு எவ்வளவு மெலிதோ அவ்வளவு தூரம் போகும்.

ஃப்ளை என்பது சின்ன முள்ளின்மேல் இறகு, மயிர், நூல் சுற்றிப் பூச்சியைப் போல் கட்டிய போலி இரை. உயிருள்ள ஈ அல்ல. ஆற்றில் ட்ரவுட்டுக்குப் போடும் 16-ஆம் எண் ஃப்ளை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கையில் வைத்தால் எடையே தெரியாது. அதைத் தங்கூஸில் கட்டி எவ்வளவு வேகமாக வீசினாலும் காலடியில்தான் விழும்.

எனவே எடையை லைனுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஃப்ளை லைன் என்பது பின்னிய நூலின்மேல் பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு. பொதுவாக 27 மீட்டர் அளவுக்கு நீளம். ஒரு ஈயக் குண்டை உருக்கி ஒன்பது மீட்டருக்கு நீட்டியதாக நினைத்துக்கொள்ளலாம். வீசுவது அந்த நீண்ட எடையை. ஃப்ளை வெறும் பயணி.

இதை மாட்டுவண்டிக்காரர் கைச்சாட்டையில் பார்க்கலாம். கைப்பக்கம் தடிப்பு, நுனிப்பக்கம் மெலிவு. கையை அசைத்து நிறுத்தினால் அந்த அசைவு ஒரு வளைவாகச் சாட்டை நெடுக ஓடுகிறது. போகப் போகப் பொருள் குறைகிறது. தொடக்கத்தில் கொடுத்த விசையை வரவர மெலிந்த துண்டு சுமப்பதால் நுனி வரைக்கும் வேகம் தாங்குகிறது. ஃப்ளை லைனிலும் இதே வளைவு ஓடும். அதன் பெயர் லூப். ராடின் நுனியைச் சட்டென்று நிறுத்தும் நொடியில் லூப் பிறக்கிறது. லைனின் மேற்பாதி கீழ்ப்பாதியின் மேல் உருண்டு, கடைசியில் ஃப்ளையை நீட்டிவைக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. சாட்டையில் சத்தம் வர வேண்டும், இங்கே வரக்கூடாது. பின்னால் போன லைன் முழுதாக நீள்வதற்குள் முன்னால் இழுத்தால் "பட்" என்று கேட்கும். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பான லீடரின் முனையைச் சோதித்துப் பாருங்கள், ஃப்ளை போயிருக்கும். புதிதாகப் பழகுகிறவர் பாதி நாள் வெறும் நரம்பை வீசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வீசும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால்: ராடின் நுனியைத் தண்ணீருக்கு அருகே வைத்து, லைனில் தொய்வில்லாமல் தொடங்குங்கள். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே தூக்கி, கடிகார முள் ஒரு மணியைக் காட்டும் இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். பொறுங்கள். லைன் பின்னால் நீண்டதும் அதேபோல் வேகம் கூட்டி முன்னே கொண்டுவந்து பத்து அல்லது பத்தரை மணி இடத்தில் நிறுத்துங்கள். வெளியே உள்ள லைன் நீளமாக ஆக அந்தப் பொறுமையும் நீள வேண்டும். மணிக்கட்டை மடக்கி ராடை மூன்று மணிக்குச் சாய்த்தால் லைன் பின்னாலுள்ள புதரில் போய் உட்காரும். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதுவரை: தூக்கி எறிவது லைனை. ராடு அந்த எடையால் வளைந்து நிமிரும் வில். நிறுத்தினால் லூப், பொறுத்தால் நீளல்.

5 வெயிட் என்றால் ஒன்பது கிராம்

லைனே எடை என்றால் அதை நிறுத்துப் பார்க்க ஓர் அளவு வேண்டும். பட்டு லைன் காலத்தில் தடிமனுக்கு எழுத்துகள் வைத்திருந்தார்கள்; எல்லாம் பட்டுதான் என்பதால் தடிமனைச் சொன்னால் எடையும் தெரிந்துவிடும். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்த பிறகு ஒரே தடிமனில் வேறு வேறு எடைகள் வந்தன, எழுத்துகள் உதவாமல் போயின. 1960-ஐ ஒட்டி அமெரிக்க மீன்பிடிச் சாதன உற்பத்தியாளர் சங்கம் நேரடியாக எடைக்கே எண் கொடுத்தது. லைனின் முதல் 30 அடியை நிறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுக்கும் அலகு கிரெய்ன். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4 கிரெய்ன். 3 வெயிட் லைனின் முதல் 30 அடி 100 கிரெய்ன், அதாவது 6.5 கிராம். 4-க்கு 120. 5-க்கு 140, அதாவது 9 கிராம். ஒரு பவுன் தங்கத்தைவிடக் கொஞ்சம் கூட. 6-க்கு 160. 8-க்கு 210, அதாவது 13.6 கிராம். ராடில் எழுதிய 5 என்பது "இந்த 9 கிராம் வெளியே இருக்கும்போது நான் சரியாக வளைவேன்" என்று ராடு சொல்வது. மீனின் எடைக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது. 5 வெயிட் ராடில் மூன்று கிலோ ட்ரவுட்டைக் கரையேற்றலாம். கை அவசரப்பட்டால் அரைக் கிலோ மீனிலும் நரம்பு அறும்.

இங்கேதான் கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கணக்கு 30 அடிக்கு. இமாச்சலின் தீர்த்தன் போன்ற ஆற்றில் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குழிகளாகத் தண்ணீர் நிற்கும். அங்கே ராடின் நுனிக்கு வெளியே பெரும்பாலும் 12, 15 அடி லைன்தான் இருக்கும். அப்படியானால் ராடு உணரும் எடை 9 கிராம் இல்லை, அதில் ஏறக்குறைய பாதி. ராடு வளைய மறுக்கிறது. வீசுகிறவர் பலத்தைக் கூட்டுகிறார். லூப் விரிந்து லைன் குவியலாக விழுகிறது. "ராடு சரியில்லை" என்று பழி ராடின் மேல் விழும். இந்தத் தூரத்துக்கு 5 வெயிட் ராடில் 6 வெயிட் லைன் போட்டுப் பாருங்கள், அதே ராடு உயிர் பெறும். இல்லாவிட்டால் சின்ன ஓடைக்கென்றே ஏழரை அடி, 3 வெயிட், மெதுவாக அடிவரை வளையும் ராடு வைத்துக்கொள்ளலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. இப்போது விற்கும் பல லைன்கள் பெட்டியில் 5 என்று போட்டிருந்தாலும் நிறுத்தால் 150 கிரெய்ன் வரும். விறைப்பான நவீன ராடுகளை வளைப்பதற்காகத் தயாரிப்பாளர்களே அரை எண் கூட்டிவிடுகிறார்கள். அதன்மேல் நீங்களும் ஓர் எண் கூட்டினால் ராடு துவண்டுவிடும். பெட்டியின் பின்புறம் கிரெய்ன் அச்சிட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். முன்பக்க எண்ணைவிட அது நம்பகமானது.

பெட்டியில் டபிள்யூ.எஃப்.5.எஃப் என்று இருந்தால் முதல் இரண்டு எழுத்துகள் எடை முன்பகுதியில் குவிந்திருப்பதைச் சொல்கின்றன, 5 எடை எண்ணை, கடைசி எஃப் மிதக்கும் என்பதை. ஆற்று ட்ரவுட்டுக்கு முதல் லைனாக இது போதும். மூழ்கும் லைனை ஏரிக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

எண் கூடினால் மெலியும்: எக்ஸ் கணக்கு

தடித்த லைனை நேராக ஃப்ளையில் கட்ட முடியாது. மீன் பார்த்துவிடும், ஃப்ளையும் தண்ணீரில் அறைந்து விழும். நடுவே ஒன்பது அடி நரம்பு வருகிறது. அதற்குப் பெயர் லீடர். லைன் பக்கம் அரை மில்லிமீட்டர் தடிப்பில் தொடங்கிப் படிப்படியாக மெலிந்து ஃப்ளை பக்கம் 0.15 மில்லிமீட்டரில் முடியும். சாட்டையின் நுனியை இன்னும் நீட்டியதுதான் இது. லைனில் ஓடிவந்த லூப் லீடருக்குள்ளும் தடையில்லாமல் ஓட வேண்டும். அதனால்தான் ஒரே தடிமனுள்ள தங்கூஸை ஒன்பது அடி வெட்டிக் கட்டினால் வேலை நடக்காது. விசை முதல் முடிச்சிலேயே செத்து, நரம்பு சுருண்டு லைன்மேலேயே விழும்.

லீடரின் கடைசி அரை மீட்டர் ஒரே தடிமனில் இருக்கும்; அது டிப்பெட். எக்ஸ் எண் இதன் தடிமனைச் சொல்கிறது. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள். வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மில்லிமீட்டர். 3 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 8, 0.20 மில்லிமீட்டர். எண் ஏற ஏற நரம்பு மெலிகிறது, வலுவும் இறங்குகிறது. 5 எக்ஸ் நைலான் இரண்டு கிலோவை ஒட்டித் தாங்கும், 3 எக்ஸ் மூன்றரைக் கிலோ அளவுக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும்.

ஃப்ளை எண்ணும் இப்படித் தலைகீழ்தான். 18 சிறியது, 12 பெரியது. ட்ரவுட் ஃப்ளைகள் பெரும்பாலும் இரட்டைப்படை எண்களில் வரும். எந்த ஃப்ளைக்கு எந்த டிப்பெட் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு: ஃப்ளை எண்ணை மூன்றால் வகுத்தால் எக்ஸ் எண். 16-க்கு 5 எக்ஸ், 12-க்கு 4 எக்ஸ், 18-க்கு 6 எக்ஸ். ஒன்று கூடக் குறைய இருந்தால் குடிமுழுகிப் போகாது. ரொம்பத் தள்ளிப் போனால்தான் வம்பு. பெரிய ஃப்ளையை மெல்லிய டிப்பெட்டில் கட்டினால் பறக்கும்போது சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்ளும். சின்ன ஃப்ளையைத் தடித்த டிப்பெட்டில் கட்டினால் குச்சியில் குத்தியதைப்போல் விறைத்து நிற்கும், நீரோடு அசையாது.

காலையில் நன்றாக வேலை செய்த லீடர் மதியம் ஏன் சொதப்புகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஃப்ளை மாற்றும் ஒவ்வொரு முறையும் பத்து சென்டிமீட்டர் நரம்பு வெட்டுப்படுகிறது. ஐந்தாறு ஃப்ளை மாற்றினால் டிப்பெட் முழுதும் தீர்ந்து, நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது 4 எக்ஸ், 3 எக்ஸ் தடிமனுள்ள பகுதியில். லீடரைத் தூக்கி எறிய வேண்டாம். பையில் 4, 5, 6 எக்ஸ் டிப்பெட் சுருள்கள் இருக்கட்டும்; அரை மீட்டர் வெட்டி சர்ஜன் முடிச்சால் இணையுங்கள். இரண்டு நரம்புகளையும் 15 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சேர்த்து ஒரு வளையமாக்கி, லீடரின் முனையையும் வெட்டிய டிப்பெட் துண்டையும் சேர்த்து அதற்குள் மூன்று தடவை நுழைத்து, எச்சில் தொட்டு, நான்கு இழையையும் ஒன்றாக இழுக்க வேண்டும். எச்சில் முக்கியம். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறினால் முடிச்சு இருக்கும் இடமே பலவீனமாகிவிடும்.

இன்னொரு முடிச்சு நாம் போடாமலே விழும். லீடரின் நடுவே குருணை அளவில் ஒரு சின்னக் கணு. காற்று முடிச்சு என்று பெயர் வைத்துக் காற்றின்மேல் பழி போடுவார்கள். குற்றவாளி வீசுகிற கைதான். முன்வீச்சின் தொடக்கத்திலேயே மொத்த பலத்தையும் கொட்டினால் ராடின் நுனி கீழே அமுங்கி, லூப்பின் மேற்பாதி கீழ்ப்பாதியைக் குறுக்கே வெட்டுகிறது. அங்கே முடிச்சு விழுகிறது. அந்த இடத்தில் நரம்பின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். அவ்வப்போது லீடரை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். இறுகாத முடிச்சு என்றால் முள்முனையால் நெகிழ்த்தலாம், இறுகியிருந்தால் வெட்டுங்கள்.

சுருக்கம்: லைனிலிருந்து ஃப்ளை வரைக்கும் ஒரே சங்கிலி, தடிமன் எங்கும் திடீரென்று ஏறவோ இறங்கவோ கூடாது. வெயிட் எண் கூடினால் கனம் கூடும். எக்ஸ் எண்ணும் ஃப்ளை எண்ணும் கூடினால் சிறுக்கும்.

தண்ணீரில் விழுந்த பிறகு

வீசியது அழகாக இருந்தும் மீன் எடுக்கவில்லை. ஃப்ளை டப்பாவைத் திறந்து நிறம் மாற்றுவார்கள், அளவு மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் ஃப்ளையில் இல்லை. வீசும்போது உதவிய அதே கனத்த லைன் இப்போது எதிரியாகிவிட்டது.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி, ஒரு கல்லின் முன்னாலோ பின்னாலோ, வேகம் குறைந்த இடத்தில் நிற்கும். இரை தேடி அலைவதைவிட ஓட்டம் கொண்டுவருவதை எடுப்பது அதற்கு லாபம். நாள் முழுதும் அதன் கண்முன் வரும் பூச்சிகள் நீரின் வேகத்திலேயே வருகின்றன. நீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ குறுக்காகவோ போகும் பூச்சியை அது சந்தேகப்படும். இப்படி லைன் ஃப்ளையை இழுப்பதற்கு டிராக் என்று பெயர்.

உங்களுக்கும் மீனுக்கும் நடுவே ஆறு ஒரே வேகத்தில் ஓடாது. நடுவில் வேகம், அக்கரை ஓரம் மெதுவு என்று வையுங்கள். லைன் நடு ஓட்டத்தின்மேல் கிடக்கிறது. அது கீழ்நோக்கி வில்லாக வளைந்து, இரண்டு மூன்று நொடியில் ஃப்ளையைப் பிடித்து இழுக்கிறது. ஃப்ளைக்குப் பின்னால் நீரில் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் நமக்கே தெரிந்துவிடுகிறது. அது விழாத மெல்லிய டிராக்தான் ஏமாற்றுக்காரன். அதைக் கண்டுபிடிக்க ஃப்ளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக் குமிழியைக் குறிவைத்துப் பாருங்கள். குமிழியும் ஃப்ளையும் இடைவெளி மாறாமல் சேர்ந்தே போனால் டிராக் இல்லை. குமிழி முந்தினாலோ பிந்தினாலோ இருக்கிறது.

இதற்கு மருந்து மெண்டிங். ஃப்ளை விழுந்த கையோடு ராடின் நுனியைத் தூக்கி, நீர்மேல் கிடக்கும் லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைவட்டம் போட்டு எடுத்துவைப்பது. வில் வளைவதற்குள் எதிர்வில் போட்டுவிட்டால், ஓட்டம் அதை நிமிர்த்தும் நேரம் முழுதும் ஃப்ளை சுதந்திரமாக மிதக்கும். வில் வளைந்த பிறகு செய்தால் தூக்கும்போது ஃப்ளையும் துள்ளும். அந்த மீன் அன்றைக்குத் திரும்பி வராது. ஒரு திருத்தம்: எப்போதும் மேல்பக்கம்தான் என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். உங்கள் பக்கம் மெதுவாகவும் அக்கரையில் வேகமாகவும் ஓடினால் கீழ்ப்பக்கம் போட வேண்டும்.

மெண்டிங் கைவராதவர்களுக்கு இரண்டு குறுக்குவழி. ஒன்று, மீனுக்குக் கீழே நின்று மேல்நோக்கிச் சாய்வாக வீசுவது; லைனும் ஃப்ளையும் ஏறக்குறைய ஒரே ஓட்டத்தில் கிடக்கும். இரண்டு, கிட்டப் போவது. ட்ரவுட்டின் பின்பக்கமிருந்து குனிந்து மெல்ல நெருங்கினால் ஆறு மீட்டர் வரைகூடப் போகலாம். ராடை உயர்த்திப் பிடித்தால் லைன் நீரில் படாமலே ஃப்ளை மட்டும் மிதக்கும். தூரமாக வீசுவதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வாங்குவதும் காப்பதும்

ஒன்பது அடி, 5 வெயிட், நான்கு துண்டு ராடு. மிதக்கும் 5 வெயிட் லைன். ஒன்பது அடி 5 எக்ஸ் லீடர். பொது ஆற்றுக்கு இந்தத் தொடக்கம் போதும். பணத்தை லைனில் போடுங்கள், ரீலில் மிச்சப்படுத்துங்கள். ட்ரவுட் அளவுக்கு ரீல் என்பது பெரும்பாலும் லைன் சுற்றிவைக்கும் உருளை. மேல்மட்டத்தில் மிதக்கும் ஃப்ளைக்கு நைலான் டிப்பெட். நீருக்குள் மூழ்கும் ஃப்ளைக்கு, அதாவது நிம்ஃபுக்கு, ஃப்ளூரோகார்பன். அது நைலானைவிட அடர்த்தி கூடியது, சீக்கிரம் மூழ்கும். மிதக்கும் ஃப்ளைக்குப் போடும் பசையை நீரில் நனைப்பதற்கு முன்பே தடவிவிடுங்கள். நனைந்த பிறகு தடவினால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்ததாகிவிடும்.

எங்கே வீசுவது? ட்ரவுட் இந்தியாவின் சொந்த மீன் அல்ல, குளிர்ந்த மலை ஓடைகளில் பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்டது. காஷ்மீருக்கு 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகள் வந்தன. நீலகிரியில் அவலாஞ்சிக் குஞ்சு பொரிப்பகம் 1907-இல் தொடங்கியது. அங்கே நிலைத்தது ரெயின்போ ட்ரவுட். நீலகிரி ஓடைகள் பல பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் ஓடுவதால் அனுமதி வாங்காமல் இறங்கக்கூடாது. இமாச்சலிலும் காஷ்மீரிலும் மீன்வளத் துறை உரிமம் தருகிறது. ட்ரவுட் முட்டையிடும் குளிர்காலத்தில் ஆறுகளை மூடிவிடுவார்கள். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உரிமம் இருந்தாலும் ராடை மடக்கிவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு; போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

மிதக்கும் லைனின் நுனி மூழ்கத் தொடங்கினால் லைன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் அழுக்குதான். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மிதமான சோப்பு விட்டு, துணியில் பிடித்து முதல் பத்து மீட்டரை இழுத்துத் துடைத்தால் மறுபடி மிதக்கும். சோப்பு சேர்த்தும் மீட்க முடியாதது ஒன்று உண்டு. டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்து கைநிறையப் பூசிக்கொண்டு அதே கையால் லைனைப் பிடித்தால் பூச்சு பிசுபிசுத்து வெடித்துவிடும். புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள், உள்ளங்கையில் படவிடாதீர்கள்.